கணக்கு உதைத்தால் யாரைச் சந்தேகிப்பது?

ஐயா, கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன். கடைசி செமஸ்டரில் கணினித் துறையின் அறமும் சமூகப் பிரச்சினைகளும் பற்றி ஒரு தாள். வகுப்பில் யாரும் கவனிப்பதில்லை, முதல்நாள் நோட்ஸ் படித்தாலே பாஸ். எனக்கு கேம்பஸில் வேலை கிடைத்துவிட்டது. டீம் லீட் சொல்வதைச் செய்யப்போகிறவன் நான், அறமெல்லாம் மேலே இருப்பவர்கள் முடிவு செய்வதுதானே? இதற்கு எதற்கு ஒரு தாள்? ஏஐ வந்தபின் கோடிங் வேலையே மிஞ்சுமா என்ற பயமும் இருக்கிறது. (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள தம்பி,

வேலை கிடைத்ததற்கு வாழ்த்துகள். வீட்டில் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்கள்! ஏஐ பயத்தை இப்போதைக்கு விடுங்கள். தாளை மோசமாக நடத்துகிறார்கள் என்பதும் சரி, அதைப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. 'சொல்வதைச் செய்யப்போகிறவன்' என்று எழுதினீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். பிரிட்டன் அஞ்சல் வழக்கைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

1999-இல் அங்குள்ள அஞ்சலகங்களுக்கு ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் வரத் தொடங்கியது. ஃபுஜிட்சு நிறுவனத்துடையது. கிளை அஞ்சலகங்களை நடத்தியவர்கள் பெரும்பாலும் கடையோடு சேர்த்து நடத்திய சாதாரண மனிதர்கள், இந்தியாவிலிருந்து போன குடும்பங்களும் அதில் நிறைய. மென்பொருள் பிழையால் திரையில் பணம் குறைவாகக் காட்டும். உதவி எண்ணுக்குப் போன் செய்தால், உங்களுக்கு மட்டும்தான் இப்படி என்பார்கள். கைக்காசு போட்டுக் கட்டினார்கள், வீட்டை அடகு வைத்தார்கள், கடைசியில் திருடர்களாகக் கூண்டில் நின்றார்கள். 900 பேருக்கு மேல் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான சீமா மிஸ்ரா 2010-இல் சிறைக்குப் போனபோது கர்ப்பிணி.

டால்மெலிங்டன் என்ற ஊரில் நடந்ததைப் பாருங்கள், உங்களுக்குப் புரியும். 8,000 பவுண்ட் பணம் வந்துசேர்ந்ததைப் பதிவு செய்யும்போது திரை உறைந்து நின்றது. கிளையை நடத்திய அம்மா மறுபடி மறுபடி என்டர் தட்ட, ஒவ்வொரு தட்டலுக்கும் இன்னொரு 8,000 ஏறி, 32,000 வந்ததாகக் கணக்கானது. கையில் இருப்பதோ 8,000. மீதி 24,000 எங்கே என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? ஒரே பரிவர்த்தனையை இரண்டாம் முறை ஏற்காமல் தடுப்பது உங்களுக்குப் பாடமாகவே வந்திருக்கும். அங்கே அந்தத் தடுப்பு இல்லை.

மேலே இருப்பவர்கள்தான் முடிவு செய்வார்கள் என்கிறீர்கள். தெரிந்த பிழைகளின் பட்டியல் ஒன்று ஃபுஜிட்சுவுக்குள்ளேயே இருந்தது. அதில் எழுதியவர்கள் உங்களைப் போன்ற பொறியாளர்கள். கிளைக்குத் தெரியாமலே தொலைவிலிருந்து அதன் கணக்கில் கை வைக்க முடியும் என்பதும் உள்ளே இருந்த சிலருக்குத் தெரியும். வெளியே அப்படி முடியவே முடியாது என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிழை பற்றி வந்த புகாரை, அதாவது டிக்கெட்டை, மூடிவிட்டு வீட்டுக்குப் போவதும் ஒரு முடிவுதான் தம்பி. அது உங்கள் கையில்தான் நடக்கும்.

என் அப்பா ஒரு கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்தார். கணக்கு உதைத்தால் இரவு ஒன்பதானாலும் யாரும் எழுந்து போக மாட்டார்கள். பேரேட்டைப் புரட்டுவார்கள், சீட்டுகளை மறுபடி அடுக்குவார்கள், 54-ஐ 45 என்று எழுதியிருக்கிறதா என்று தேடுவார்கள். சாப்பாட்டுத் தூக்கோடு போய் நான் காத்துக் கிடந்திருக்கிறேன். யார் எடுத்தது என்று அங்கே ஒருவர் கேட்டு நான் கேட்டதில்லை. எங்கே தப்பு விட்டோம் என்பதுதான் முதல் கேள்வி. ஏட்டில் எழுதியது தங்கள் கை, அது தவறும் என்று எல்லாருக்கும் தெரியும். அதே கணக்கு திரைக்குப் போனதும் தவறவே தவறாதது ஆகிவிட்டது! இங்கிலாந்துச் சட்டமே அதற்குத் துணை நின்றது. கணினி ஒழுங்காக வேலை செய்ததை முதலில் நிரூபிக்க வேண்டும் என்றிருந்த 1984-ஆம் ஆண்டுப் பிரிவை 1999-இல் நீக்கிவிட்டார்கள். அதன்பின் பிழை இருக்கிறது என்று காட்டும் சுமை, கணினிக் கோடு என்றால் என்னவென்றே தெரியாத கடைக்காரர் தலையில் விழுந்தது.

கோடு எழுதத் தெரிந்த நீங்கள் அந்தச் சுமையில் எனக்குப் பங்கில்லை என்று சொல்லலாமா? எனக்குக் கோபம் வருகிறது. இருபத்தோரு வயதில், முதல் சம்பளம் வாங்கும் முன்பே, இதைச் சொல்லப் பழகிக்கொள்ளாதீர்கள்.

பாதிக்கப்பட்டவர்களில் 555 பேர் சேர்ந்து அஞ்சல் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கின் 2019 டிசம்பர் தீர்ப்பு இணையத்தில் கிடைக்கிறது. பிழைகளை ஒவ்வொன்றாக அலசும் தொழில்நுட்பப் பின்னிணைப்பு ஒன்று அதில் உண்டு. நீளம்தான், ஆனால் என்னைவிட உங்களுக்கு அது எளிதாகப் புரியும். படித்துவிட்டு, எந்தப் பிழையை உங்களால் டெஸ்டிங்கிலேயே பிடித்திருக்க முடியும் என்று எனக்கு எழுதுங்கள்.