ஒற்றை டிக் மட்டும் விழுகிறது. தம்பி என்னை ப்ளொக் செய்துவிட்டானா?

ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "தம்பி துபாய்க்கு வேலைக்குப் போவதற்கு என் நகைகளை அடகு வைத்துத்தான் காசு கொடுத்தேன். போய்ச் சேர்ந்ததில் இருந்து ஒழுங்காக வொய்ஸ் மெசேஜ் போடுவான். நகையை மீட்பது பற்றிப் போன மாதம் இரண்டு பேருக்கும் கொஞ்சம் வாய்த்தர்க்கம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வட்ஸ்அப்பில் நான் அனுப்புகிற எதற்கும் ஒற்றை டிக்தான். அவனுடைய படத்தையும் காணவில்லை, கோல் எடுத்தாலும் போவதில்லை. அவன் ப்ளொக் பண்ணிவிட்டான் என்று மகள் சொல்கிறாள். உண்மையா என்று எப்படி அறிவது?"

அக்கா, ஒருவர் உங்களை ப்ளொக் செய்தால் வட்ஸ்அப் அதை உங்களுக்குச் சொல்லாது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். தன்னைத் தொல்லைப்படுத்துகிற ஒருவனை ஒரு பெண் ப்ளொக் செய்தால், அது அவனுக்கு அந்த நிமிடமே தெரியாமல் இருப்பதுதான் அவளுக்குப் பாதுகாப்பு. அதனால் வெளியே தெரிகிற ஒவ்வொரு அறிகுறிக்கும் வேறு காரணமும் இருக்கும். நீங்கள் சொன்ன மூன்றும் அப்படித்தான்.

ஒற்றை டிக் என்றால் மெசேஜ் உங்கள் போனை விட்டுப் போய்விட்டது, அவருடைய போனுக்குப் போய்ச் சேரவில்லை என்று மட்டுமே பொருள். போன் நின்றிருக்கலாம், டேட்டா முடிந்திருக்கலாம், சிக்னல் இல்லாத இடத்தில் இருக்கலாம். முல்லைத்தீவுக் கரையில் இருந்து கடலுக்குப் போனவர்களுக்கு இரவில் மெசேஜ் போட்டுப் பாருங்கள், விடிந்து கரைக்கு வரும்வரை ஒற்றை டிக்தான் நிற்கும். கார்மென்ட்ஸில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குப் போட்டாலும் அப்படித்தான், போனை நிறுத்தி வைத்துவிட்டு வேலைக்குப் போனால், வேலை முடிந்து அதைத் திரும்பப் போட்ட பிறகுதான் இரண்டாவது டிக் வரும். வன்னியில் இருக்கிற நமக்கு இது பழகிய சங்கதி. ஆனால் ஒரு மனத்தாங்கல் வந்த பிறகு அதே ஒற்றை டிக்கைப் பார்த்தால் மனம் வேறு மாதிரிக் கணக்குப் போடுகிறது.

படம் மறைவதற்கும் பல காரணம் உண்டு. அவரே படத்தை எடுத்திருக்கலாம். 'என் தொடர்புகள் மட்டும்' பார்க்கலாம் என்று வைத்திருப்பவர் புதுப் போனுக்கு மாறும்போது பழைய நம்பர்கள் அழிந்துபோனால், உங்கள் நம்பர் அவருடைய போனில் இருக்காது. உடனே உங்களுக்கு அவர் படமும் 'லாஸ்ட் சீன்' நேரமும் தெரியாமல் போய்விடும். உங்கள் போனில் நீங்களே லாஸ்ட் சீனை மறைத்து வைத்திருந்தாலும் மற்றவர்களுடையது உங்களுக்குத் தெரியாது. பிள்ளைகள் உங்கள் போனில் ஏதாவது மாற்றிவிட்டார்களா என்று அதையும் ஒருமுறை பாருங்கள்.

கோல் போகாததை இந்த விஷயத்தில் கணக்கிலேயே எடுக்காதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வட்ஸ்அப் மெசேஜ் போகும், வட்ஸ்அப் கோல் போகாது. அந்த நாட்டிலேயே அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அங்கே இருப்பவர்கள் 'போட்டிம்' போன்ற அனுமதி பெற்ற செயலிகளில் கதைக்கிறார்கள். தம்பி இவ்வளவு நாளும் வொய்ஸ் மெசேஜாகப் போட்டதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

இனி நிச்சயமாகச் சொல்லக்கூடியதற்கு வருவோம். ப்ளொக் இல்லை என்று சொல்வது சுலபம். நீங்கள் இன்று போட்ட மெசேஜுக்கு இரண்டு டிக் விழுந்தால், அது சாம்பல் நிறமாக இருந்தாலும், உங்களை ப்ளொக் செய்யவில்லை. நீல நிறம் வராதது, படித்ததைக் காட்டாமல் அவர் அணைத்து வைத்திருப்பதாலும் இருக்கலாம். அவர் புதிதாகப் போட்ட ஸ்டேட்டஸ் உங்களுக்குத் தெரிந்தாலும் ப்ளொக் இல்லை. பழைய மெசேஜ்களில் உள்ள இரண்டு டிக்கைப் பார்த்து ஏமாற வேண்டாம், ப்ளொக் செய்த பிறகும் அவை அப்படியேதான் இருக்கும்.

ப்ளொக்தான் என்று உறுதிப்படுத்துவது கஷ்டம், ஆனால் உங்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. நீங்களும் தம்பியும் இருக்கிற குடும்ப குரூப் ஏதாவது உண்டா? ப்ளொக் என்பது தனிப்பட்ட மெசேஜையும் கோலையும்தான் நிறுத்தும். பொதுவான குரூப்பில் நீங்கள் போடுவது அவருக்குப் போகும், அவர் போடுவது உங்களுக்கு வரும். ஆகவே குரூப்பில் சாதாரணமாக ஒன்றைப் போடுங்கள், கோயில் திருவிழாப் படம் என்றாலும் சரி. அதே நேரத்தில் தம்பிக்குத் தனியாகவும் ஒரு மெசேஜ் அனுப்புங்கள். ஒரு நாள் விட்டு, குரூப்பில் நீங்கள் போட்டதை விரலால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் மேலே ஒரு வரிசை வரும். அதில் மூன்று புள்ளியைத் தொட்டு 'இன்ஃபோ' என்பதைத் திறந்தால், யார் யார் படித்தார்கள், யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பெயர் பெயராகக் காட்டும். அங்கே தம்பியின் பெயர் இருந்து, தனியாகப் போட்டது இன்னும் ஒற்றை டிக்கில் நின்றால், அவர் போன் வேலை செய்கிறது, உங்களைத்தான் ப்ளொக் செய்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். அங்கேயும் பெயர் இல்லையென்றால் அவர் போன் நெட்டுக்கே வரவில்லை. குரூப்பில் இருக்கிற நம்பரும் நீங்கள் தனியாக மெசேஜ் போடுகிற நம்பரும் ஒன்றுதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் இரண்டு நம்பர் வைத்திருப்பது வழமை.

குரூப் இல்லையென்றால் அம்மாவிடமோ சித்தியிடமோ சொல்லி அவர்களுடைய போனில் இருந்து "சுகமா தம்பி" என்று ஒன்று போடச் சொல்லுங்கள். அவர்களுக்கு இரண்டு டிக், உங்களுக்கு மட்டும் ஒன்று என்றால் விடை தெரிந்துவிடும். இதைச் சோதிப்பதற்காகப் புது குரூப் தொடங்கி அவரை இழுத்துச் சேர்க்க வேண்டாம். யார் தன்னைக் குரூப்பில் சேர்க்கலாம் என்பதற்கும் தனி செட்டிங் இருப்பதால், சேர்க்க முடியாமல் போனாலும் அது ப்ளொக் என்பதற்குச் சாட்சி ஆகாது.

இன்னொன்றும் பாருங்கள். வட்ஸ்அப்பில் புதிதாக மெசேஜ் போடத் திறக்கும் பெயர்ப் பட்டியலில் தம்பி எங்கே இருக்கிறார்? கீழே, 'இன்வைட்' என்று எழுதியிருக்கும் பகுதியில் இருந்தால் அந்த நம்பரில் இப்போது வட்ஸ்அப் கணக்கே இல்லை. 120 நாட்கள் பாவிக்காமல் விட்டால் கணக்கு தானாக நீங்கிவிடும், அவரே அழித்தும் இருக்கலாம். நம் ஊர் நம்பரிலேயே வட்ஸ்அப்பை வைத்துக்கொண்டு வெளிநாடு போகிறவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே அந்த சிம்முக்கு ரீலோட் போடாமல் விட்டால் நம்பர் செத்து, பிறகு வேறொருவர் கைக்குப் போகலாம். அதன் பிறகு நீங்கள் அந்த நம்பருக்குப் போடுவது முன்பின் தெரியாத ஆளுக்குத்தான் போகும்.

யார் ப்ளொக் செய்தது என்று கண்டுபிடித்துத் தருகிறோம் என்று வரும் செயலிகளை ஏற்றவே ஏற்றாதீர்கள். அப்படிக் கண்டுபிடிக்கும் வழி எதுவும் வெளிச் செயலிகளுக்குக் கிடையாது, உங்கள் போனில் இருக்கும் நம்பர்களையும் படங்களையும் எடுப்பதுதான் அவற்றின் வேலை. ஆறு இலக்க வட்ஸ்அப் கோட்டை யார் கேட்டாலும், மருமகன் கேட்பது போல வந்தாலும், கொடுக்க வேண்டாம். அதைக் கொடுத்தால் உங்கள் கணக்கே அவர்கள் கைக்குப் போய்விடும்.

சரி, ப்ளொக்தான் என்று தெரிந்துவிட்டால்? வேறு வேறு நம்பரில் இருந்து மாறி மாறிக் கூப்பிடாதீர்கள், அது அவரை இன்னும் தூரப் போகத்தான் வைக்கும். அவர் மதிக்கிற பெரியவர் ஒருவர், ஒரு தடவை, அமைதியாகக் கதைத்தால் போதும். ப்ளொக் இருந்த காலத்தில் நீங்கள் அனுப்பியவை, பிறகு ப்ளொக்கை எடுத்தாலும் அவருக்குப் போய்ச் சேராது; முக்கியமானதைத் திரும்ப அனுப்ப வேண்டி வரும். காசு கொடுத்தது பற்றிய பழைய மெசேஜ்களை அழித்துவிடாமல் வைத்திருங்கள். அடகுத் தவணையைத் தம்பியின் பதிலுக்காகத் தள்ளிப்போட வேண்டாம், வட்டியையாவது கட்டி நகை ஏலத்துக்குப் போகாமல் பாருங்கள்.

எனக்கு உண்மையில் கவலை மற்றப் பக்கம்தான். அம்மா போட்டதும் ஒற்றை டிக், குரூப்பிலும் அவர் பெயர் இல்லை, கூட வேலை செய்கிறவர்களுக்கும் தெரியவில்லை என்றால், அது கோபம் இல்லை. போன் பறிபோயிருக்கலாம், ஆஸ்பத்திரியில் இருக்கலாம், வேலை கொடுத்தவரோடு ஏதாவது பிரச்சினையாகியிருக்கலாம். 'ப்ளொக் பண்ணிவிட்டான்' என்று வீட்டில் மனம் நொந்து இருந்தால் அவரைத் தேடுவதற்கான நாட்கள் வீணாகப் போய்விடும். போய்ச் சேராத மெசேஜை வட்ஸ்அப் 30 நாட்கள்தான் வைத்திருக்கும், அதன் பிறகு அது அழிந்துவிடும். ஆகவே டிக்கைப் பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பதில் பலனும் இல்லை. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் இருப்பார், அவரிடம் நேரில் போவது இன்னும் நல்லது. பணியகத்தில் பதியாமல் விசிட் விசாவில் போயிருந்தாலும் தயங்க வேண்டாம், துபாயில் நம்முடைய துணைத் தூதரகமும் அபுதாபியில் தூதரகமும் இருக்கின்றன. போகும்போது தம்பியின் கடவுச்சீட்டுப் பிரதி, அனுப்பிய முகவரின் பெயர், வேலை செய்த கம்பனியின் பெயர், கடைசியாக இரண்டு டிக் விழுந்த மெசேஜின் தேதி, இந்த நாலையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.