ஒரே கீயைத் தம்ப்டிரைவில் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள்
ஜூரோங் ஆபீஸ் கணினிக்கும் செங்காங் வீட்டு லேப்டாப்புக்கும் ஒரே எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) பிரைவேட் கீ, அதாவது ஒரே ரகசியச் சாவிக் கோப்பு, அதை வைத்தே 12 சர்வருக்குள் நுழைகிறீர்கள், அதைப் பூட்டும் பாஸ்ஃபிரேஸும் (கடவுச்சொல்) இல்லை என்கிறீர்கள். எம்ஆர்டி ரயிலில் அந்தத் தம்ப்டிரைவை விட்டுவிட்டால் எல்லாம் போச்சு.

ஒவ்வொரு கணினியிலும் ஈடி25519 என்ற வகையில் தனிக் கீ உருவாக்கி, அதன் ஜோடியான பப்ளிக் கீயை (வெளியே கொடுக்கலாம்) மட்டும் சர்வர்களில் சேருங்கள்; ஒரு கணினி தொலைந்தால் சர்வர்களில் அதற்குரிய வரியை மட்டும் நீக்கினால் போதும், மற்றது பாட்டுக்கு ஓடும். பாஸ்ஃபிரேஸ் கண்டிப்பாக வேண்டும். தடவைக்குத் தடவை அடிக்கச் சோம்பலாகத்தான் இருக்கும், அதற்குத்தானே திறந்த கீயை நினைவில் வைத்துக்கொள்ளும் எஸ்எஸ்ஹெச் ஏஜென்ட், காலையில் கீயைச் சேர்க்கும்போதே 8 மணி நேரம் என்று கெடு வைத்தால் சாயங்காலம் அதுவே மறந்துவிடும்.

ஐபி எண்களை ஏன் மனப்பாடம் செய்கிறீர்கள்? எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் கோப்பில் சர்வருக்கொரு செல்லப்பெயர் வையுங்கள். நடு சர்வர் வழியாகப் போவதற்கு ப்ராக்ஸிஜம்ப் என்று ஒரே வரி, ஓபன்எஸ்எஸ்ஹெச் மென்பொருளின் 7.3 பதிப்பு (2016) முதலே இருக்கிறது. ஏஜென்ட் ஃபார்வர்டிங் (உங்கள் ஏஜென்டை நடு சர்வரிலிருந்தும் பயன்படுத்த விடுவது) மட்டும் வேண்டாம். நீங்கள் உள்ளே இருக்கும் வரை, அந்த நடு சர்வரில் ரூட் (முழு நிர்வாக) உரிமை உள்ள எவரும் உங்கள் ஏஜென்டை வைத்து அடுத்த சர்வருக்குள் நுழையலாம்.

அப்புறம், பழைய கீயை அழிக்கும் முன் இன்னொரு டெர்மினலைத் திறந்து புதுக் கீ வேலை செய்கிறதா என்று பாருங்கள்.