நாலு சுருதிக்கு முப்பது நாள் பயிற்சியா?

கேள்வி: மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டில் பராக்கூ நகரின் முந்திரி ஆலை ஒன்றில் எனக்கு மேற்பார்வையாளர் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே பேசும் பரிபா மொழியில் சுருதி மாறினால் பொருளே மாறிவிடுமாம். எனக்கு சங்கீத ஞானம் கிடையாது, வயது 44. ஏஜென்ட் 30 நாள் பயிற்சியும் சொற்பட்டியலும் தருகிறார். பணம் கட்டலாமா? — ஒரு வாசகர், பண்ருட்டி

பதில்: பயப்படாதீர்கள், பணமும் கட்டாதீர்கள்.

சங்கீதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. யாராவது கதை சொன்னால் 'ம்' என்று இறக்கிச் சொல்கிறீர்கள். காதில் விழாவிட்டால் 'ம்?' என்று ஏற்றுகிறீர்கள். அந்தக் காது போதும். ஆனால் தமிழில் ஏற்ற இறக்கம் பேசுகிறவரின் மனநிலையைச் சொல்கிறது. பரிபாவில் அது சொல்லின் உடம்பிலேயே இருக்கிறது, நமக்கு 'பல்லி', 'பள்ளி' என்பதில் ல, ள இருக்கிற மாதிரி. சுருதி மட்டங்கள் நான்கு என்று மொழியியலாளர் வில்லியம் வெல்மர்ஸ் 1952-இலேயே எழுதிவிட்டார். பக்கத்தில் பேசும் யோருபா மொழியில் மூன்று. எல்லாம் ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான், ஆர்மோனியக் கட்டை மாதிரி நிலையானவை அல்ல.

இப்போது அந்தப் பட்டியல். பெனினில் ஆட்சிமொழி பிரெஞ்சு, பள்ளிக்கூடமும் பெரும்பாலும் பிரெஞ்சு. தாய்மொழியை ஒருநாளும் எழுதிப் பார்க்காமலே படிப்பை முடித்தவர்கள் அங்கே ஏராளம். எழுதும்போது ஏற்ற இறக்கம் காட்டும் சுருதிக்குறியை விட்டுவிட்டாலும் அவர்களுக்குப் புரியும், உங்களுக்குப் புரியாது. குறியில்லாத தாளை ஜெராக்ஸ் எடுத்து விற்பது மொழிப் பயிற்சி இல்லை, தாள் வியாபாரம்.

ஒரே விதிவிலக்கு: ஒலிப்பதிவோடு வரும் பட்டியல். அதிலும் நிபந்தனை உண்டு. பேசுகிறவர் வீட்டில் பரிபா பேசுகிறவராக இருக்க வேண்டும். அவர்கள் தங்கள் மொழியை பாத்தோனும் என்பார்கள். அந்தப் பெயரே தெரியாதவர் என்றால் நகர்ந்துவிடுங்கள். சொல்லைத் தனியாகச் சொல்லியிருந்தால் போதாது, வாக்கியத்தில் வைத்தும் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்துச் சொல்லைப் பொறுத்து சுருதி நகரும். ஆண் குரல், பெண் குரல் இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது. இத்தனையும் இருந்தால் வாங்குங்கள். நான் இதுவரை பார்த்ததில்லை.

துறைமுக நகரமான கோட்டோனுவிலிருந்து மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவருக்கு அங்கே பேசும் 'ஃபோன்' (Fon) என்ற மொழி வரும், பரிபா வராமல் போகலாம். ஃபுலானி என்ற இன்னொரு மொழி பேசுகிறவரும் இதைக் கற்றுத்தரச் சரிப்படமாட்டார், அந்த மொழியில் சுருதியே கிடையாது.

வேலையில் சேர்ந்ததும் முந்திரி உடைக்கும் அம்மா ஒருவரிடம் ஒரு வாக்கியம் கேளுங்கள். அப்புறம் அதையே சொல் இல்லாமல் முனகச் சொல்லி, நீங்களும் முனகிக் காட்டுங்கள். அவர் சிரித்தால் இன்னொரு தடவை.