கதைப் பட்டறை கேள்வி–பதில்: தடைக்கு ஒரு விலை வேண்டும்

கேள்வி: ஆற்றில் வாழும் தேவதைக்கும் ஒரு படகோட்டிக்கும் காதல். 'தேவர் குலத்தார் மனிதரைத் தீண்டக் கூடாது' என்பது அங்கே விதி. 1500 சொற்களில் எழுதி முடித்துவிட்டேன். படித்தவர்கள் எல்லோரும், "இவர்களை எது தடுக்கிறது என்றே தெரியவில்லையே" என்கிறார்கள். தவறு எங்கே?

பதில்: விதியைச் சொல்லிவிட்டீர்கள், அது வேலை செய்வதைக் காட்டவில்லை. மீறினால் என்ன ஆகும், யாருக்கு ஆகும், எவ்வளவு சீக்கிரம் ஆகும்? இந்த மூன்றுக்கும் கதைக்குள்ளேயே விடை இருக்க வேண்டும். உங்கள் கதையையே எடுத்துக்கொள்வோம். அவள் கரையில் கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் ஆற்றில் ஒரு சாண் நீர் குறையும் என்று வையுங்கள். அதன்பின் காவலர்களே தேவையில்லை. அவன் துடுப்பே அளவுகோல். மூன்றாவது சந்திப்புக்குப் பிறகு படகு தரை தட்டுகிறது. அக்கரையில் பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணிடம் மருத்துவச்சியைக் கொண்டுசேர்க்க அவனால் முடியவில்லை. விலையைக் காதலர்கள் மட்டும் கொடுத்தால் வாசகர் பரிதாபப்படுவார், அவ்வளவுதான். சம்பந்தமில்லாத ஒருத்தி கொடுக்கும்போதுதான் யார் பக்கம் நிற்பது என்று தவிப்பார்.

விதி சின்னதாக, கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். தேவலோகத்து ஊர்வசி தன் காதலனான மன்னன் புரூரவசுக்கு இட்ட நிபந்தனைகளில் ஒன்று, அவனை ஆடையின்றி அவள் பார்க்கக் கூடாது என்பது. அவளைத் திரும்ப அழைத்துக்கொள்ள நினைத்த கந்தர்வர்கள், அவள் கட்டிலருகே கட்டியிருந்த ஆட்டுக்குட்டிகளை இரவில் திருடுகிறார்கள். அவள் கூக்குரலிடுகிறாள். உடுத்த நேரமில்லாமல் அவன் பாய்கிறான். அந்த நொடியில் கந்தர்வர்கள் மின்னலை வரவழைக்கிறார்கள். அவள் பார்த்துவிடுகிறாள், மறைந்துபோகிறாள். விதி ஒரு வரி, மீறல் ஒரு நொடி. அந்த மீறலும் அவளுக்காக ஓடியதால் நேர்ந்தது. சதபத பிராமணம் என்ற வேதகால நூலில் வரும் இந்தக் கதை இன்றும் வலிப்பது அதனால்தான்.

விலையைத் தேர்ந்தெடுக்கவும் ஒரு வழி உண்டு: காதலுக்கு எது அவசியமோ அதையே விலையாகக் கேளுங்கள். டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1837இல் வெளியிட்ட கதையின் கடல்கன்னி, கால்களுக்காகக் குரலைக் கொடுக்கிறாள். இளவரசனைக் காப்பாற்றியது தான்தான் என்று அவனிடம் சொல்ல இனி அவளிடம் வாயில்லை. அதன்பின் கதையில் வில்லன் வேண்டியதில்லை.

கேள்வி: மாய உலகத்தை அறிமுகப்படுத்தவே 600 சொற்கள் ஓடிவிடுகின்றன. எப்படிக் குறைப்பது?

பதில்: 1500 சொற்களுக்கு இந்தக் கணக்கு உதவும்: தொடக்கம் 150, மூன்று சந்திப்புகள் தலா 300, மீறல் 300, முடிவு 150. விதி முதல் 150 சொற்களுக்குள் தெரிந்துவிட வேண்டும். அரச பரம்பரை, பழைய போர், ஏழு உலகங்களின் பெயர்கள் எல்லாம் உங்கள் குறிப்பேட்டில் இருக்கட்டும். புதிதாக உருவாக்கிய பெயர்ச்சொற்கள் இரண்டுக்கு மேல் வேண்டாம். நம் அகப்பாடல்கள் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயரே சூட்டுவதில்லை, அதனால் நெருக்கம் குறைந்துவிடவில்லை.

மூன்று சந்திப்புகளும் ஒரே மாதிரி அமைவதுதான் அடிக்கடி நேரும் பிழை. இரண்டாவதை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். கதை குலையவில்லை என்றால் அந்தச் சந்திப்பில் எதுவும் மாறவில்லை என்று பொருள்.

கேள்வி: கண்டதும் காதல் என்று எழுதினால் நம்ப மறுக்கிறார்கள். படிப்படியாக வளர்க்க இடமில்லை. என்ன செய்ய?

பதில்: ஏற்கெனவே சில முறை சந்தித்த பிறகு கதையைத் தொடங்குங்கள். வளர்ச்சியைக் காட்ட நம் மொழியே ஒரு கருவி தருகிறது, அதைப் பலர் கையில் எடுப்பதே இல்லை. தேவதை அவனை 'நீ' என்பாள், அவன் 'நீங்கள்' என்பான். அவன் வாயிலிருந்து முதல் 'நீ' எந்த இடத்தில் வருகிறது என்று எழுதும் முன்பே முடிவு செய்யுங்கள். முத்தத்தைவிடப் பெரிய நிகழ்ச்சி அது. அந்த வரியை வருணனையால் மூடாதீர்கள். அவள் அதைக் கவனித்தாள் என்பது தெரிந்தால் போதும்.

அடுத்தது 'நாங்கள்', 'நாம்'. முதல் சந்திப்பில் அவள், "நாங்கள் மழைக்கு ஒதுங்குவதில்லை" என்கிறாள். அந்த 'நாங்க'ளில் அவன் இல்லை. தடை முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. மூன்றாவது சந்திப்பில் அவளே, "நாம் ஒதுங்கலாமா?" என்று கேட்கிறாள். 'காதலிக்கிறேன்' என்று எங்குமே எழுத வேண்டாம். ஒன்று மட்டும் எச்சரிக்கை: நடுவில் எங்காவது கைதவறி ஒரு 'நாம்' விழுந்துவிட்டால் அத்தனையும் வீண். முடித்த பிறகு அவள் பேசும் வரிகளை மட்டும் தனியாக எடுத்து ஒருமுறை சரிபாருங்கள்.

கேள்வி: மாயக்கதைக்குச் சங்க அகப்பாடல்கள் உதவுமா?

பதில்: மிகவும். மறைவுக் காதலில் என்னென்ன நடக்கும், என்னென்ன கெடும் என்று களவு ஒழுக்கம் வகுத்து வைத்திருக்கிறது. இரவுக்குறி, பகற்குறி என்பவை சந்திக்க ஒப்புக்கொண்ட இடங்கள். அல்லகுறி என்பது தவறிய குறிப்பு: வேறு ஏதோ ஓசையைத் தலைவன் வந்த ஓசை என்று நம்பித் தலைவி வந்து, ஏமாந்து திரும்புகிறாள். மாய உலகில் இதை அப்படியே பயன்படுத்தலாம். அலர் என்பது ஊர்ப்பேச்சு. இற்செறிப்பு, வீட்டுக்குள் அடைத்துவைப்பது. அறத்தொடு நிற்றல், உண்மையை முறையாக வெளிப்படுத்துவது. உடன்போக்கு, இருவரும் ஊரைவிட்டுப் போவது. ஒரு சிறுகதைக்கு இவற்றில் இரண்டு போதும். எல்லாவற்றையும் திணித்தால் கதைச்சுருக்கமாகிவிடும், கதையாகாது.

தடைகளை அடுக்கும் முறைக்கு அகநானூற்றில் ஒரு பாட்டு உண்டு. ஊர் தூங்கினால் தாய் தூங்குவதில்லை. தாய் தூங்கினால் காவலர் சுற்றுகிறார்கள். அவர்கள் அயர்ந்தால் நாய் குரைக்கிறது. நாய் அடங்கினால் நிலவு பகலாக எறிக்கிறது. நிலவு மறைந்தால் கூகை அலறுகிறது, அதுவும் ஓய்ந்தால் கோழி கூவிவிடுகிறது. எல்லாம் அடங்கிய ஒருநாள், அவன் வரவில்லை. எல்லாத் தடையும் நீங்கியபின் உள்ளிருந்து ஒரு தடை எழுகிறது பாருங்கள்! உங்கள் தேவதைக்கும் அப்படி ஓர் இரவு கொடுங்கள்.

தோழியையும் விட்டுவிடாதீர்கள். ரகசியத்தில் இருப்பவர்கள் யாரிடம் பேசுவார்கள்? அவள் இல்லாவிட்டால் பக்கம் பக்கமாக மனத்துக்குள் புலம்ப வைக்க வேண்டிவரும்.

கேள்வி: நாயகன் 400 வயது மாயாவி, மனதைப் படிக்கும் ஆற்றல் உள்ளவன். நாயகி அவனுடைய மாணவி. இதுவும் தடை செய்யப்பட்ட காதல்தானே?

பதில்: இருவரும் வளர்ந்தவர்களாக இருக்க வேண்டும், அதில் தளர்வே கூடாது. அடுத்து, அவள் மனதை அவன் படிக்க முடியும் என்றால் அவள் 'வேண்டாம்' என்று முடிவெடுக்கும் இடம் எங்கே? அந்த ஆற்றலை அவன் முதல் காட்சியிலேயே துறக்கட்டும், அல்லது அவளிடம் மட்டும் அது செல்லாமல் போகட்டும். குருவின் இடத்திலிருந்தும் அவன் விலகிவிட வேண்டும். இல்லாவிட்டால் வாசகர் தடையின் பக்கம்தான் நிற்பார், அது நியாயமும்கூட.

கேள்வி: சேர்த்து வைப்பதா, பிரிப்பதா?

பதில்: இரண்டும் சரிதான். கடைசிப் பத்தியில் புதிதாக ஒரு தெய்வம் வந்து விதியை ரத்து செய்வதுதான் கூடாது. சேர்ப்பதென்றால் வழி விதியின் சொற்களுக்குள்ளேயே இருக்க வேண்டும், முதல் 500 சொற்களுக்குள் கண்ணில் பட்டிருக்கவும் வேண்டும். 'கரையில் கால் வைத்தால்' என்பதுதானே விதி? படகு கரையல்ல. பிரிப்பதென்றால் பிரிவை அவர்களில் ஒருவராவது தானாகத் தேர்ந்தெடுக்கட்டும். அவள் நீருக்குள் திரும்பிப் போகிறாள். மறுநாள் காலை அவன் துடுப்பை இறக்குகிறான், ஒரு சாண் கூடுதலாக நனைகிறது. அந்த வரியோடு நிறுத்திவிடுங்கள்.