திருநெல்வேலி மாவட்ட மலையில் இருக்கும் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை அப்படியே விட்டால் பழைய காடு திரும்பிவிடுமா?

அவ்வளவு எளிதில் திரும்பாது. அதுவும் சிங்கவால் குரங்குக்குப் பயன்படும் காடு என்றால் இன்னும் கஷ்டம்.

மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத குரங்கு இது. இதைக் காக்கத்தான் 1976-ல் களக்காடு சரணாலயம் வந்தது. 1988-ல் முண்டந்துறையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். சிங்கவால் குரங்கு பெரும்பாலும் தரையிறங்காது, கிளைக்குக் கிளை தாவித்தான் இரை தேடும். வெடிப்பலா மரத்தின் பூவும், முள்ளு முள்ளான அதன் காய்க்குள் இருக்கும் விதையும் அதற்கு முக்கிய உணவு. சிங்கம்பட்டி ஜமீன் காடு 1929-ல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போய், மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று தேயிலை பரவியபோது அந்தக் கிளைப்பாதை பல இடங்களில் அறுந்தது.

கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிக் குட்டையாக வைப்பது, நின்றால் தேயிலைச் செடி மரமாகவே வளர்ந்துவிடும். வெயில் விழும் இடத்தில் உண்ணிச்செடி என்னும் களை புகும். வெடிப்பலா விதையோ கனமானது, காற்றில் பறந்து வராது. அதனால் நாற்றங்காலில் உள்ளூர் மரக்கன்றுகளை வளர்த்து, நட்டு, சில ஆண்டுகள் களையெடுத்தே தீர வேண்டும்.

இந்த வேலையை அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த தோட்டத் தொழிலாளர்களுக்கே கொடுக்க வேண்டும் என்பேன். அவர்களை வெறுங்கையோடு மலையிலிருந்து இறக்கிவிடுவது நியாயமே இல்லை.

சரி, எங்கே தொடங்குவது? தோட்டத்துக்குள் ஓடும் ஓடைக்கரைகளில். ஈரமும் உண்டு, இருபுறக் காட்டையும் சீக்கிரம் இணைக்கலாம்.