லிட்டர் எண்ணெயும் கிலோ எண்ணெயும்: எது மலிவு?

கேள்வி: எங்கள் ஊர்ச் செக்கில் நல்லெண்ணெய் கிலோ 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது. கடைத்தெருவில் அதே தரமான எண்ணெயை லிட்டர் 370 ரூபாய்க்குத் தருகிறார்கள். லிட்டரும் கிலோவும் ஒன்றுதான் என்கிறார் கடைக்காரர். அப்படியானால் 370 ரூபாய் எண்ணெய்தானே மலிவு?

பதில்: இல்லை, செக்கில் வாங்குவதே உங்களுக்கு ஆதாயம். ஒரு லிட்டர் ஏறத்தாழ ஒரு கிலோவாக நிற்பது தண்ணீருக்குத்தான். எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் பொருள் என்பதால், ஒரு லிட்டர் நல்லெண்ணெயை நிறுத்தால் சுமார் 910 கிராம்தான் இருக்கும். ஆகவே கிலோ விலையை 0.91ஆல் பெருக்கினால் லிட்டர் விலை கிடைத்துவிடும்: 400 ரூபாய்க்கு அது 364 ரூபாய். கடலை எண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் இதே கணக்குப் போதும்.

பொட்டல எண்ணெயில் இன்னொரு நுட்பம் உண்டு. எண்ணெய் சூட்டில் விரிவடைவதால், 21 டிகிரி செல்சியஸில் 919.1 கிராம் எடையுள்ள ஒரு லிட்டர் சோயா எண்ணெய், 60 டிகிரியில் 892.6 கிராமாகக் குறைந்துவிடும். உறையில் அதிக வெப்பநிலையைக் குறிப்பிட்டுவிட்டு, குறைந்த எடையை ஒரு லிட்டர் என்று விற்க இது வழிவகுத்தது. எனவே 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் நிகர அளவை அச்சிட வேண்டும் என்றும், லிட்டரோடு எடையும் பொருந்தியிருக்க வேண்டும் என்றும் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. பார்வைக்கு ஒரு லிட்டர் உறைபோலவே தோன்றி, அதைவிடக் குறைவான எண்ணெய் கொண்ட உறைகளும் விற்பனையில் இருப்பதால், விலையைப் பார்க்கும் முன் கிராம் அளவைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: அமெரிக்கக் கேக் செய்முறை ஒன்றில் 2 கப் மைதா, 1 கப் சர்க்கரை என்றிருக்கிறது. நான் வாங்கிய அளவுக் கப்பில் 250 மி.லி. என்று போட்டிருக்கிறது. வேறு கப் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அமெரிக்கக் கப் சுமார் 240 மி.லி.; உங்களுடையது ஆஸ்திரேலியாவில் வழங்கும் அளவு. அந்த 10 மி.லி. வேறுபாட்டைவிட, மைதாவை எப்படி அள்ளுகிறீர்கள் என்பதே கேக்கைக் கெடுக்கக்கூடியது. கரண்டியால் மெல்லப் போட்டு மேலே வழித்துவிட்டால் ஒரு அமெரிக்கக் கப்பில் 120 முதல் 125 கிராம் மைதா பிடிக்கும். டப்பாவுக்குள் கப்பை அமுக்கி அள்ளினால் அதே கப்பில் 150 கிராம்கூட ஏறிவிடும். (கேக் கல்லாகிவிட்டது என்று அடுப்பைப் பழிப்பவர்கள் பலர் இப்படி அள்ளியவர்களே.) சர்க்கரை அவ்வளவாக அமுங்காது, ஒரு கப்புக்கு 200 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். தேன் என்றால் 340 கிராம் வரை போகும்.

செலவு செய்வதானால் கப்புக்குப் பதிலாக, ஒரு கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு வாங்குங்கள். உங்கள் செய்முறைக்கு 240 முதல் 250 கிராம் மைதாவும் 200 கிராம் சர்க்கரையும் நிறுத்துப் போட்டால் போதும். பேக்கிங் பவுடர், உப்பு போன்றவற்றை மட்டும் 5 மி.லி. தேக்கரண்டியிலேயே அளந்துகொள்ளுங்கள், இரண்டு மூன்று கிராமைச் சமையலறைத் தராசுகள் பல சரியாகக் காட்டுவதில்லை.