உயிருள்ள செல்லில் எண்டோபிளாச வலையையும் அதன் புரதங்களையும் எப்படிப் பார்க்கிறார்கள்?

எண்டோபிளாச வலை என்பது செல்லுக்குள் பல புரதங்கள் உருவாகி மடியும் சவ்வு வலைப்பின்னல். செல்லைக் கொல்லாமலேயே அதைப் பார்க்க முடிகிறது. ஒசாமு ஷிமோமுரா குழுவினர் ஜெல்லிமீனிலிருந்து பிரித்தெடுத்து 1962-இல் அறிவித்த பச்சை ஒளிர் புரதம்தான் அதற்கு அடிப்படை. வேண்டிய புரதத்தின் மரபணுவோடு இதன் மரபணுவையும் இணைத்துச் செலுத்தினால், செல்லே ஒளிரும் புரதத்தைத் தயாரித்துவிடும்.

சரி, அந்தப் புரதம் வலைக்குள் நகர்கிறதா? சிறு பகுதியில் வலுவான லேசரைப் பாய்ச்சி ஒளிர்வை அணைப்பார்கள். சுற்றியுள்ள ஒளிரும் மூலக்கூறுகள் உள்ளே வர வர வெளிச்சம் திரும்பும். திரும்பும் வேகத்திலிருந்து நகர்வைக் கணக்கிடலாம். முழுதாகத் திரும்பாவிட்டால், ஒரு பகுதி எதிலோ பிணைந்து நகராமல் கிடக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது கால்நடைகளைத் தாக்கும் வெசிகுலர் ஸ்டோமடைட்டிஸ் வைரஸின் சடுதிமாற்றப் (மரபணு மாற்றமடைந்த) புரதத்தை ஒளிர வைத்துச் செய்யும் சோதனை. 40 டிகிரி செல்சியஸில் அது சரியான வடிவத்துக்கு மடியாது. செல்லின் தரச்சோதனை அதை வலைக்குள்ளேயே நிறுத்திவிடும். 32 டிகிரிக்குக் குறைத்ததும் மடிந்து, புரதங்களைப் பிரித்து அனுப்பும் கோல்கை உறுப்பை நோக்கிக் கூட்டமாகக் கிளம்பும். அந்தப் பயணத்தை அப்படியே படமெடுக்கலாம், அவ்வளவு அழகு!

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. புரதத்தை அளவுக்கு மீறி உற்பத்தி செய்ய வைத்தால் வலையின் வடிவமே மாறிவிடும். அதனால் மங்கலாக ஒளிரும் செல்களையும் சேர்த்துப் பாருங்கள்.